கருத்து மட்டும் போதும்

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாடகம் பழக்கப் போகிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதன்முதலாக ஒரு பள்ளியில் உங்களைக் கூப்பிட்டு அனுப்பும்போது மேடை எவ்வளவு அகலம், மைக் எத்தனை என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அதெல்லாம் எப்படியாவது அமைந்துவிடும். சிறப்பு விருந்தினர் யார், அவருக்கு யார் யார் சால்வை போடுகிறார்கள், கிராமத்துக்குப் போகிற கடைசி பஸ் எப்போது, இதை விசாரியுங்கள். மோசமான நடிப்பால் செத்த பள்ளி நாடகம் எதையும் நான் பார்த்ததில்லை. சால்வையால் செத்தது நிறைய.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அதற்கப்புறம்தான் நிறையப் பள்ளிக்கூடம் பார்த்தேன். முதலில் மைக் செட்டுக்காரரிடம் வேலை. பொங்கல் திருவிழாக்களில் நாடகக்காரர்களுக்கு மைக் கட்டினேன். அவர்களுக்கு ஆள் குறைந்த நாளில் கோமாளி வேஷமும் கட்டினேன். அப்படியே அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் டிராமா மாஸ்டர் ஆகிவிட்டேன். சின்ன வயதில் என்னைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய வாத்தியார் இனத்தோடு ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிற பாக்கியம் அப்படித்தான் கிடைத்தது. அப்போதும் யாராவது 'எழுந்திருடா' என்று சொல்லிவிடுவார்களோ என்று அரை நாற்காலியில்தான் உட்காருவேன்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. ஒட்டு மீசை விழுந்துவிடுமோ, கரண்டு போய்விடுமோ, ராஜா வேஷம் போட்டவனுக்கு மேடையில் விக்கல் வருமோ. விழா நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூட, திரை சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறேன். என் பெண்டாட்டி, "விழாதான் முடிஞ்சு போச்சுல்ல, இனி எந்தத் திரை சிக்கப் போகுது?" என்பாள். நியாயமான கேள்விதான். பயத்துக்கு நியாயம் தெரியாதே.

நான் இந்த வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். சுற்றிலும் கருவேலங்காடு, நடுவில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த மாடிக் கட்டடம். தாளாளர் கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியவர். எதில் கண்டிப்பு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தலைமையாசிரியை அவரைக் கண்டு பயப்படுவார். நான் இரண்டு பேரையும் கண்டு பயப்படுவேன். யாரையும் கண்டு பயப்படாதது ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை. பெயர் ரூபி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், அம்மா சர்ச்சில் பாட்டுக்காரி. அந்தத் தொண்டை அப்படியே மகளுக்கு வந்திருந்தது. மைக் இல்லாமலே பக்கத்து ஊர் வீரசோழன் வரைக்கும் கேட்கும்.

நாடகம் இதுதான். ஒரு கிராமத்துக்காரர்கள் பஸ் வேண்டும் என்று மனுக் கொடுக்கிறார்கள். பஸ்ஸுக்குப் பதிலாகப் பயணியர் நிழற்குடை வந்துவிடுகிறது. பஸ் வராத ஊரில் நிழற்குடையை என்ன செய்வது என்று ஊரே கூடிப் பேசுகிறது. ஒருவர் வத்தல் காயப்போடுகிறார், ஒருவர் ஆட்டைக் கட்டுகிறார், ஒரு வீட்டில் மாப்பிள்ளை அழைப்பே அங்கேதான் நடக்கிறது. கடைசியில் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "மக்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதிக்கொண்டு, இன்னொரு நிழற்குடைக்கு உத்தரவு போடுகிறார். அதிகாரி ரூபி. ஆடு, காளீஸ்வரன் என்கிற பையன். அவனுக்கு வசனமே கிடையாது. ஒத்திகையில் அதிகமாகச் சிரிப்பு வாங்கியது அவன்தான்.

ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழகினோம். பிள்ளைகள் அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் அப்பா அம்மா, சித்தி சித்தப்பா எல்லாம் வருவதாகப் பேச்சு. சாதாரணமாக, மார்க்குக் குறைந்தால்தான் இந்தப் பெற்றோர்களைப் பள்ளிக்கூடம் கூப்பிடும். பிள்ளை சிரிக்க வைப்பதைப் பார்க்க வருவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைமையாசிரியை ஒத்திகை பார்க்க வந்தார். கடைசிவரைக்கும் சிரிக்காமல் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். கருத்து எங்க?"

"சிரிக்கிறதுதான் டீச்சர்..."

"சிரிக்கலாம், வேணாங்கல. சிரிச்சு முடிச்சிட்டு வீட்டுக்கு எத எடுத்துக்கிட்டுப் போவாக?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். எந்தப் பள்ளிக்கூடமானாலும் வரும். சோகமான நாடகத்தைப் பார்த்து யாரும் கருத்து எங்கே என்று கேட்பதில்லை, அழுதாலே போதும். சிரிப்புக்கு மட்டும் ஜாமீன் கொடுக்க ஒரு கருத்து வந்து நிற்க வேண்டும்.

நான் தலையாட்டிவிட்டேன். அதிகாரி முடிவில் நாலு வரி பேசுவதாக வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மறுநாள் அறிவியல் டீச்சர் வந்து, தண்ணீரைச் சேமிப்பதைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பி.டி. சார் போதைப் பழக்கத்தைச் சேர்த்தார். இங்கிலீஷ் டீச்சர் செல்போன். தமிழய்யா எல்லாவற்றையும் அடுக்குமொழியில் திருத்தித் தந்தார். கடைசியில் அது முழு ஒரு பக்கம் வந்துவிட்டது. நிழற்குடையைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

ரூபி அதை வாங்கி வாசித்துவிட்டு, "மாஸ்டர், இந்த அதிகாரி பஸ்ஸு விசயமா வந்தாரா, இல்ல எல்லாத் துறைக்கும் சேத்து வந்தாரா?" என்றாள்.

"சொன்னதச் செய் தாயி," என்றேன்.

மனப்பாடம் செய்துவிட்டாள். அதில் குறையே வைக்கவில்லை.

விழா நாள் வந்தது. நாலு மணிக்குத் தொடங்க வேண்டியது. சிறப்பு விருந்தினர் மதுரையிலிருந்து கிளம்பிவிட்டார், காரியாபட்டி வந்துவிட்டார், அருப்புக்கோட்டை வந்துவிட்டார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அருப்புக்கோட்டையில் அவர் ஒரு கல்யாண வீட்டுக்குள் போய்விட்டு வந்தார். அதை மட்டும் மைக்கில் சொல்லவில்லை.

வந்ததும் சால்வை ஆரம்பம். பள்ளியின் சார்பில் ஒன்று, பெற்றோர் சங்கத்தின் சார்பில் ஒன்று, முன்னாள் மாணவர்கள் சார்பில் ஒன்று. போட்டதும் இரண்டு பேரும் போட்டோக்காரரைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். போட்டோக்காரர், "சார், இன்னொண்ணு," என்பார். திரும்ப நிற்க வேண்டும். சால்வை போட்டவரைச் சும்மா அனுப்பினால் மரியாதையா? அதனால் அவருக்கு ஒரு சால்வை. விருந்தினரை அழைத்து வந்தவருக்கு ஒன்று. அழைத்து வந்தவரை அறிமுகப்படுத்தியவருக்கு ஒன்று. சால்வைகள் முன்பக்கமாகப் போய், தோளில் ஏறி, மடியில் இறங்கி, பின்பக்கமாகத் திரைக்குள் வந்து, திரும்ப முன்பக்கம் போயின. பச்சைக் கரை போட்ட சால்வை ஒன்றை நான் மூன்று தடவை பார்த்தேன்.

திரைக்குப் பின்னால் என் பிள்ளைகள் வேஷம் போட்டு, நாலு மணியிலிருந்து நிற்கிறார்கள். ஊர்த்தலைவர் வேஷம் போட்டவனுக்கு மீசைப் பசை அரிக்கிறது. ஆடு இரண்டு தடவை பாத்ரூம் போய் வந்துவிட்டது. விருந்தினர் தெருவிளக்கில் படித்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, விளக்குக் கம்பத்தை மட்டுமே அரை மணி நேரம் வர்ணித்தார்.

என் கவலை ஒன்றே ஒன்று. ஏழரை மணிக்குத் திருச்சுழிப் பக்கம் போகிற பஸ். அதை விட்டால் அந்த ஊர்களுக்கு வேறு பஸ் கிடையாது. அது வந்து ஹாரன் அடித்தால் கூட்டத்தில் முக்கால்வாசி எழுந்து போய்விடும். அப்புறம் நாடகத்தை ஆசிரியர்களுக்கும் காலி நாற்காலிக்கும்தான் காட்ட வேண்டும். நாடகம் நாற்பது நிமிடம். நான் திரை ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்ப்பேன், வாட்சைப் பார்ப்பேன், திரும்பக் கூட்டத்தைப் பார்ப்பேன்.

விருந்தினர் ஒருவழியாகப் பேசி முடித்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தபோது தலைமையாசிரியை திரைக்குள் வந்தார்.

"மாஸ்டர், தாளாளர் சொல்லிட்டாரு. பஸ்ஸுக்குப் பத்து நிமிசந்தான் இருக்கு. நாடகத்துல அந்தக் கருத்து மட்டும் போதும்."

"டீச்சர், கருத்து மட்டும்னா..."

"ரூபி வந்து அந்த ஒரு பக்கத்தச் சொல்லட்டும். மத்தவங்க பின்னால நின்னு வணக்கம் சொல்லட்டும். முடிஞ்சது."

"ஒரு மாசமாப் பழகுனது டீச்சர். வீட்டு ஆளுக எல்லாம் சிரிக்கணும்னு வந்திருக்காக."

"சிரிப்புக்கென்ன மாஸ்டர், எப்ப வேணாலும் சிரிச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள், என்ன செய்வீர்கள்? கோபித்துக்கொண்டு, நாடகமே இல்லை என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். வீராப்பாக இருக்கும். வீட்டு ஆட்கள் பிள்ளையைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போவார்கள். இல்லை, முழு நாடகத்தையும் தொடங்கிவிடலாம். பாதியில் பஸ் வரும், தாளாளர் மைக்கைப் பிடுங்குவார். இல்லை, சொன்னபடி செய்யலாம். நான் எப்போதும் சொன்னபடி செய்கிறவன். அதனால்தான் அத்தனை பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை வேஷம் போட்டவன் அழ ஆரம்பித்தான். கண் மை வழிந்தது. காளீஸ்வரன் ஆட்டுத் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ரூபி அழவில்லை. "கருத்து மட்டுமா?" என்றாள்.

"கருத்து மட்டும்."

"நாங்க எல்லாரும் மேடையில நிக்கலாமா?"

"நிக்கலாம். பின்னால."

அவள் திரைக்குள் மூலையில் குவித்துப் போட்டிருந்த சால்வைகளைப் பார்த்தாள். "ஏலே காளி, தலைய மாட்டு. அந்தச் சால்வையெல்லாம் அள்ளு," என்றாள். நாலு தலைகள் ஒன்றாகச் சேர்ந்து குசுகுசுவென்று ஏதோ பேசின. "எதுக்கு தாயி?" என்று நான் கேட்பதற்குள் திரையை இழுத்துத் திறந்துவிட்டார்கள்.

ரூபி மைக் முன்னால் வந்து நின்றாள். தொப்பியைச் சரிசெய்தாள். தொண்டையைக் கனைத்தாள். "பெரியோர்களே, இப்பொழுது கருத்து," என்றாள். தலைமையாசிரியை நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தண்ணீரை..." என்று தொடங்கினாள்.

ஊர்த்தலைவர் ஓடிவந்தான். "கருத்துச் சொல்ல வந்திருக்கும் அதிகாரி அவர்களுக்கு ஊரின் சார்பாக," என்று சால்வையைப் போட்டான். இரண்டு பேரும் போட்டோக்காரரைப் பார்த்துத் திரும்பி, பல்லைக் காட்டி, அசையாமல் நின்றார்கள். பழக்க தோஷத்தில் போட்டோக்காரரும் எழுந்து, "இன்னொண்ணு," என்று சொல்லிவிட்டார். கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

சால்வை போட்டவனுக்கு அதிகாரி ஒரு சால்வை போட்டாள். போட்டோ. "தண்ணீரை..." மாப்பிள்ளை வந்தான். "அதிகாரி அவர்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதைப் பாராட்டி," என்று ஒன்று. போட்டோ. ஆட்டுக்கு ஒன்று. ஆடும் திரும்பி நின்று போட்டோவுக்கு முகத்தைக் காட்டியது. ஆட்டை அழைத்து வந்தவருக்கு ஒன்று. அந்தப் பச்சைக் கரைச் சால்வை அடுத்தடுத்து நாலு தோள் மாறியது. கூட்டம் நாற்காலியைத் தட்டிக்கொண்டு சிரித்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. இது எதுவும் நான் பழக்கியது இல்லை. வசனம் மறந்துபோய்த்தான் இப்படி ஏதேதோ செய்கிறார்கள் என்று என் புத்திக்குப் பட்டது. பக்கவாட்டில் நின்று, "தண்ணீரை வீணாக்காதீர், வீணாக்காதீர்," என்று எடுத்துக்கொடுத்தேன். அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். முன்வரிசைக்கே கேட்டிருக்கும்.

ரூபி நேராக என்னிடம் வந்தாள். கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "யாருக்கும் தெரியாமல் திரைக்குப் பின்னால் நின்று கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் மாஸ்டர் அவர்களுக்கு," என்று ஒரு சால்வையைப் போட்டாள். முன்னால் அத்தனை சனம். தோளில் சால்வை மட்டும் ஆடுகிறது. "மாஸ்டர், போட்டோ," என்று காதில் சொன்னாள். நான் போட்டோக்காரரைப் பார்த்துத் திரும்பி, பல்லைக் காட்டினேன். கோமாளி வேஷம் கட்டிய காலத்திலும் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை.

அப்போது ரோட்டில் ஹாரன் கேட்டது. ரூபி ஒரு நொடி காதைக் கொடுத்தாள். பிறகு மைக்கில், "பஸ் வந்துவிட்டது. நேரமின்மை காரணமாகக் கருத்து அடுத்த ஆண்டு வழங்கப்படும். நன்றி, வணக்கம்," என்றாள். எல்லோரும் ஒன்றாகக் கும்பிட்டார்கள். ஆடும் முன்னங்காலைக் கூப்பியது. சனம் சிரித்துக்கொண்டே எழுந்து, சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடியது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரைக் கிண்டல் செய்தார்கள் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் விருந்தினரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஆள் அனுப்பிவிட்டார்கள். தலைமையாசிரியை அறைக்குள் போனால், ரூபியும் மற்ற பிள்ளைகளும் சுவரோரமாக வரிசையாக நிற்கிறார்கள். பி.டி. சார் கையில் பிரம்பு இல்லை. ஆனால் இருப்பது மாதிரியே நின்றார்.

"இந்தச் சால்வை வேலை யாரோடது?" என்றார் தலைமையாசிரியை. "பள்ளிக்கூடத்து மரியாதையச் சந்தி சிரிக்க வச்சாச்சு. வீட்டுல இருந்து ஆளக் கூட்டிட்டு வந்துதான் இனி வகுப்புக்குள்ள போகணும். யாரு யோசன?"

இப்படிப் பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லித்தான் நான் எட்டாம் வகுப்போடு நின்றுபோனேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அழகாக இருக்கும். உண்மை அது இல்லை, எனக்குக் கணக்கு வரவில்லை. ஆனாலும் அந்த வரிசையைப் பார்த்ததும், "நாந்தான் டீச்சர்," என்றேன். "என் யோசனதான். பிள்ளைக நான் சொன்னதத்தான் செஞ்சாக."

பிள்ளைகளைக் காப்பாற்றச் சொன்னேன் என்று பிறகு ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி வேறு. அந்தக் காட்சி என் மூளையில் உதித்ததாக இருந்திருக்கக் கூடாதா என்று ராத்திரி முழுக்க ஏங்கியிருந்தேன். ஆமாம் என்று ஒரு தடவை வாயால் சொல்லிப் பார்க்கவாவது கிடைத்ததே என்று இருந்தது.

"இல்ல டீச்சர்," என்றாள் ரூபி. "மாஸ்டருக்கு ஒண்ணுமே தெரியாது. அவுக பயந்து நடுங்கிக்கிட்டு நின்னாக. நாங்கதான் யோசிச்சோம்."

தலைமையாசிரியை யாரை முதலில் கடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தாளாளர் உள்ளே வந்தார். கையில் செல்போன். முகத்தில் பூரிப்பு.

"சார் இப்பத்தான் மதுரையில இருந்து பேசுனாரு. இந்த மாதிரி நாடகம் பார்த்ததே இல்லைன்னுட்டாரு. அடுத்த வருசமும் நாந்தான் வருவேங்கிறாரு." எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "பத்து நிமிசமாக் குறைங்கன்னு நான் சொன்னேன்ல? அதான் எடுபட்டுச்சு. இழுத்திருந்தா நல்லா இருந்திருக்காது. யோசன நம்மளோடதுதான்னு அவர்ட்டயே சொல்லிட்டேன்."

தலைமையாசிரியை எழுந்து நின்று, "ஆமா சார்," என்றார். பி.டி. சாரும் "ஆமா சார்" என்றார். வேறு வழியில்லாமல் நானும் சொன்னேன். பிள்ளைகளை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நம் வேலையில் பெருமை என்பது இப்படித்தான் வரும், தம்பி தங்கச்சிகளே. ஏதாவது கோளாறானால் மாஸ்டர் சரியில்லை என்பார்கள். நன்றாக வந்தால் எடுத்துக்கொள்ளப் பெரிய ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பழகிக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

வராந்தாவில் ரூபியைப் பிடித்துக் கேட்டேன். "ஏன் தாயி, நான் சொன்னப்ப இல்லைன்னு மறுத்தயே. தாளாளர் தன்னோட யோசனன்னாரு, அதுக்கு ஏன் ஒண்ணும் பேசல?"

"அவரு பெரிய மனுசன், ஆசப்பட்டுட்டாரு, வச்சுக்கிரட்டும் மாஸ்டர்," என்றாள். மணி அடித்துவிட்டது, பையை மாட்டிக்கொண்டாள். "நீங்க எங்க செட்டு ஆளுதான. நீங்களே எங்க யோசனய எடுத்துக்கலாமா?"